கிளுவை வேலிக்கு நான் செய்தது

அன்புள்ள அப்பு,

நீயும் ஸ்டெல்லாவும் பிள்ளையும் சுகம் என்பதை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டுக்கொண்டேன். அதனால் நலம் விசாரிப்பை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேராக என்று எழுதிவிட்டேனே தவிர, உன் அம்மாவுக்கு நேராக வரத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். திண்டுக்கல்லுக்குப் போகச் சொன்னால் பழனி வழியாகப் போகிறவள் என்று நீயே கேலி செய்வாய். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள். இதைப் போனில் சொல்லத்தான் நினைத்தேன். பின்னால் பிள்ளை அழும் சத்தம் கேட்டதும் வாய் அடைத்துக்கொண்டது.

"ஞானஸ்நானத்தை நம்ம ஊர்க் கோயில்லயே வச்சுக்குவோம்மா. ஆனா அந்தக் கிளுவை வேலியை மொத்தமா எடுத்துட்டு சுவர் கட்டினாத்தான் பிள்ளையைக் கூட்டிட்டு வருவேன். தங்கச்சி அமலாவுக்கு நடந்தது என் பிள்ளைக்கு நடக்கக் கூடாது" என்றாய். நீ சொன்னதை அப்படியே உன் அப்பாவிடம் ஒப்பித்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு, "பய சொல்றது ஞாயந்தானே. பாம்பு வந்த வீடு" என்றார். மறுநாள் காலையிலேயே போய் பொக்லைன் வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அடுத்த புதன்கிழமை வண்டி வரும். அரை நாள் வேலைதானாம். அந்த வண்டி வருவதற்கு முன்னால் உனக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினாறு பதினேழு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட அதைச் சொல்லாமல் எழுந்து வந்திருக்கிறேன்.

முதலில் நான் இந்தத் தோட்டத்துக்கு வந்த கதையைக் கேள். நான் திண்டுக்கல் டவுனில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தால் மலைக்கோட்டையும் தெரியும், தெருவில் போகிறவர் எந்தக் கடையில் என்ன வாங்கிக்கொண்டு வருகிறார் என்பதும் தெரியும். மனிதர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என் பொழுதுபோக்கு. உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது நாலு பக்கமும் கிளுவை வேலி ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. கோடையில் இலையெல்லாம் கொட்டி வெறும் முள்ளாக நிற்கும். அப்போதும் அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. ஒரு மழை விழுந்துவிட்டால் ஒரே வாரத்தில் பச்சை பிடித்து, மேலே கோவைக்கொடியும் பிரண்டையும் ஏறி, வீட்டுக்குள் வருகிற வெளிச்சம்கூடப் பச்சையாகிவிடும். கிணற்றுக்குள் இறங்கி உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும் எனக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் ரோட்டில் மில் பஸ் போகும். வேடசந்தூர்ப் பக்கம் மில்லுக்குப் போகிற பிள்ளைகள் சிரிக்கிற சத்தமும் பாடுகிற சத்தமும் கேட்கும். ஒரு முகமும் தெரியாது. பஸ் போன பிறகு அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுகொண்டிருப்பேன்.

எனக்கு ரோட்டைப் பார்க்க வேண்டும் என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை வெட்கத்தை விட்டுச் சொல்லவும் செய்தேன். "ரோட்டுல என்ன இருக்கு? புழுதிதான் இருக்கு" என்று சிரித்தார். அவருக்கு அந்த வேலி வேறு மாதிரி தெரிந்தது. அவருடைய அப்பா ஒவ்வொரு போத்தாக, வெட்டிய கிளையாகக் கொண்டுவந்து ஊன்றி வளர்த்த வேலி அது. எந்த முக்கில் கவுதாரி அடைகிறது, எந்தக் கொப்பில் கொம்புத்தேன் கூடு வைத்திருக்கிறது, கீரி எந்த ஓட்டை வழியாக வந்து போகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார். நான் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, காது முழுவதையும் ரோட்டின் பக்கமே வைத்திருப்பேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். உனக்கு அப்போது ஒன்பது வயது, பள்ளிக்கூடம் போயிருந்தாய். அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அமலாவுக்கு மூன்று மாசம். மோட்டார் ரூம் பக்கத்து வேப்பமரத்தில் தூளி கட்டி அவளைத் தூங்கப் போட்டுவிட்டு நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் தூளிக்குக் கீழே ஒரு பாம்பு. நீளமான பாம்பு. நிற்கக்கூட இல்லை, தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. நான் கத்திய கத்தலில் உன் சூசைச் சித்தப்பா தெற்கு வயலிலிருந்து ஓடிவந்தார். அவர் வருவதற்குள் அது பாதி வேலிக்குள் போய்விட்டது. மீதிப் பாதியைப் பார்த்துவிட்டு அவர் கம்பைக் கீழே போட்டார். "சாரைதான் மதினி. எலி தேடி வந்திருக்கு. அதும்பாட்டுக்குப் போகட்டும்" என்றார்.

சாரை, அப்பு. நல்ல பாம்பு இல்லை. படம் எடுக்கவில்லை, சீறவில்லை, உன் தங்கச்சியை ஏறிட்டும் பார்க்கவில்லை. அமலா முழிக்கக்கூட இல்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது உண்மை. பிள்ளையைத் தூக்கி அணைத்துக்கொண்டு அழுததும் உண்மை. அதுவரைக்கும் பொய் இல்லை. ஆனால் செத்த நேரத்தில் படபடப்பு அடங்கியது. அடங்கிய பிறகு, நன்றாக நிதானமாக, எனக்கு ஒரு யோசனை வந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பயத்தில் உளறியிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். நான் பயம் தெளிந்த பிறகுதான் பொய் சொன்னேன். சாயங்காலம் உன் அப்பா வந்து சைக்கிளை நிறுத்தும்போதே, "நல்ல பாம்பு வந்துச்சு. தூளிக்கு அடியில படமெடுத்து நின்னுச்சு" என்றேன். சூசையிடம் முன்னாலேயே, "நீ வாயைத் திறக்காதே" என்று சொல்லி வைத்திருந்தேன். அவர், "எனக்கெதுக்கு வம்பு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். இப்போது அவரும் இல்லை. தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நீ பள்ளிக்கூடப் பையோடு நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். உன் முகம் வெளுத்துப்போனது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு உனக்குள் போன பயம்தான் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியது. அந்தப் பயத்தை உனக்கு ஊட்டியது பாம்பு இல்லை, நான்.

மூன்று நாளில் வேலியை வெட்டிச் சாய்த்தார்கள். உன் அப்பா ஒரு கேள்வி கேட்கவில்லை. வெட்டினதைக் குவித்துத் தீ வைத்தபோது கோயிலில் சாம்பிராணி போட்டதுபோல ஒரு வாசம் வந்தது. கிளுவைக்கு அப்படி ஒரு வாசம் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். புகைக்குள்ளிருந்து ஒரு பச்சோந்தி, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து வெளியே வந்தது. அப்பா அதைக் குச்சியில் ஏற்றிக்கொண்டுபோய் வேப்பமரத்தில் விட்டார். கொம்புத்தேன் கூடு இருந்த கொப்பை மட்டும் தனியாக வெட்டிக் கொஞ்சம் தள்ளிக் கட்டிப் பார்த்தார். அது தங்கவில்லை. கவுதாரிகள் இரண்டு நாள் அந்த வெட்டவெளியில் கத்திக்கொண்டு திரிந்துவிட்டு எங்கோ போய்விட்டன.

நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் மறைக்க மாட்டேன். ரோடு தெரிந்தது. வேலிக்குப் பதில் கட்டிய முள்கம்பிக்கு அந்தப் பக்கம் மில் பஸ் போனால் ஜன்னல் ஓரப் பிள்ளைகள் எனக்குக் கை காட்டுவார்கள். ஒரு வருஷம் நான் அந்த ரோட்டைப் பார்த்தே வாழ்ந்தேன். உன் அப்பாவோ கட்டிலுக்குக் கீழே பார்த்து வாழ்ந்தார். வீட்டுக்குள் நுழைந்தவுடன் குனிந்து கட்டிலுக்கு அடியில், அடுப்புக்குப் பின்னால், பெட்டிக்கு இடையில் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். "என் வேலியாலதானே பிள்ளைக்கு அப்படி ஆகப் பாத்துச்சு" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. நேற்றும் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

அதற்கு அடுத்த வருஷம் பீர்க்கம் பந்தலில் பிஞ்சு நிற்கவில்லை. பந்தல் முழுக்கப் பூ. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அப்பா உரம் பற்றவில்லை என்றார். மருந்துக்கடைக்காரர் பூச்சி என்று சொல்லி ஒரு மருந்து கொடுத்தார், பிறகு இன்னொன்று. மருந்து அடித்த பிறகு இன்னும் மோசம். வீட்டுக்குள் எலி பெருகி என் கல்யாணச் சேலையைக் கடித்துக் குதறியது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

எனக்குத்தான் முதலில் பிடிபட்டது, அதுவும் காதால். பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும், உனக்குத் தெரியும். வெயில் தணிந்து ஆகாயம் ஒருமாதிரி சாம்பல் நிறமாகும்போது பந்தலுக்கு மேலே அத்தனை மஞ்சளும் ஒன்றாக விழித்துக்கொள்ளும். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த நேரத்தில் பந்தலுக்குள் நின்றால் ஒரு முனகல் கேட்கும். தேனீ, கருவண்டு, பெயர் தெரியாத அந்துப்பூச்சிகள். அது எங்கிருந்து வருகிறது என்றுகூட யோசித்ததில்லை, அப்போது எனக்குப் பஸ் சத்தம்தான் பெரிது. அந்தச் சாயங்காலம் பஸ் போய்விட்டது. பூவெல்லாம் விரிந்து நின்றது. ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு பூவும் யாருக்காகவோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

காய் பறிக்கப் பழனிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், ஞாபகம் இருக்கிறதா, தலையில் பச்சைத் துண்டு கட்டியிருப்பார். அவரிடம் சொன்னேன். "ஏனுங்க, வேலியை அழிச்சுப்போட்டீங்க, அதுக குடியிருக்க எடம் வேணுமல்லங்க? மருந்து வேற அடிச்சுப்போட்டீங்க. இனிமே நீங்கதானுங்க தொட்டு விடோணும்" என்றார். கொத்தாக நிற்கிற ஆண் பூவில் ஒன்றைப் பறித்து, பிஞ்சோடு இருக்கிற பெண் பூவின் நடுவில் மெதுவாக ஒத்தி எடுத்தார். அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுதானை ஒரு பந்தல் முழுக்கச் செய்ய வேண்டும், பூ விரிந்து நிற்கும் நேரத்துக்குள்.

இரண்டு வருஷம் நீயும் நானும் அதைச் செய்தோம். உனக்கு அது விளையாட்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் ஓடிவிடுவாய். மூக்கு நுனியெல்லாம் மஞ்சள் பொடி. "யம்மா, இதையெல்லாம் முன்னாடி யாரு செஞ்சா?" என்று கேட்டாய். "றெக்கை வச்ச சம்மனசுங்க செஞ்சாங்க" என்றேன். "இப்ப எங்க?" என்றாய். "லீவுல போயிருக்காங்க" என்றேன். நீ அதை நம்பி, செபமாலை சொல்லும்போது சம்மனசுகள் லீவு முடிந்து சீக்கிரம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாய். உன் அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லீவு கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியுமே.

அதற்கிடையில் நடந்தது நாங்கள் செய்தது இல்லை. செய்யாமல் விட்டது. அப்பா முள்கம்பிக்குக் கல்தூண் நட்டது ரோட்டுப் பக்கம் மட்டும்தான். மற்ற மூன்று பக்கமும், வெட்டிய கிளுவையிலேயே தடித்த போத்துகளைப் பார்த்து எடுத்து ஊன்றி, அதில்தான் கம்பியை அடித்திருந்தார். அது செத்த கட்டை என்று நினைத்தோம். ஐப்பசி மழையில் அது துளிர்த்தது. அப்பா ஒருநாள் அதன் முன்னால் அரிவாளோடு வெகுநேரம் நின்றார். என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன். அவரும் வெட்டவில்லை. அப்படியே வளர்ந்தது. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் கம்பி மரத்துக்குள் புதைந்து கிடக்கிறது, எது முதலில் வந்தது என்று தெரியாது. எறும்பு வந்தது, ஓணான் வந்தது, கீரி வந்தது. வேலியை வெட்டி நாலைந்து வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் பந்தலில் அந்த முனகல் கேட்டது. நான் ஸ்டூலைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டேன். கவுதாரி மட்டும் திரும்பவில்லை. அதற்குப் பதில் இப்போது மயில் வந்து தக்காளியை எல்லாம் கொத்திவிட்டுப் போகிறது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். நாம் கலைத்துப்போட்டதில், எது எது திரும்பி வர ஒத்துக்கொண்டதோ அது வந்தது.

அந்த வேலியைக் "காடு மாதிரி கிடக்கு" என்றாய். அது காடு இல்லை அப்பு. மனுஷன் ஊன்றியது. உன் தாத்தா ஆடு மாடு உள்ளே வராமல் இருக்கத்தான் ஊன்றினார், தேனீக்கு வீடு கட்டிக்கொடுக்க இல்லை. ஆனால் அவர் ஊன்றிய இடத்தில் அதுகள் குடி வந்தன. அதுகள் குடி வந்ததால் நமக்குக் காய் வந்தது, காய் வந்ததால் நீ காலேஜ் போனாய். யார் யாரை வளர்த்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருத்தர் கையில் இன்னொருத்தர் பிழைப்பு இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது.

உன் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தத் தோட்டத்தில் நல்ல பாம்பே கிடையாது என்று எழுதினால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். போன வருஷம்கூட ஒன்றைப் பார்த்தேன், நிஜமான நல்ல பாம்பு, வாய்க்கால் ஓரம். அதனால் இந்த வாரம் நானே ஆள் வைத்து வீட்டைச் சுற்றி இருபது அடிக்குச் சுத்தமாகச் செதுக்கிவிட்டேன். பின்பக்கம் கிடந்த செங்கல் குவியலையும் தென்னமட்டையையும் அப்புறப்படுத்தியாயிற்று. பாம்புக்குப் பிடித்த இடம் அதுதான். கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியை அடைத்தாயிற்று. உன் ரூம் ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று. இதெல்லாம் அன்றைக்கே செய்திருக்க வேண்டியது. அன்றைக்கு எனக்குப் பாம்பு போக வேண்டும் என்ற எண்ணமே இல்லை, வேலி போக வேண்டும், அவ்வளவுதான். இப்படிச் செய்தும் உனக்கு மனசு ஒப்பவில்லை என்றால் ஞானஸ்நானத்தை அங்கேயே வைத்துக்கொள். நாங்கள் பஸ் ஏறி வந்துவிடுகிறோம். என் பேரப்பிள்ளையைக் காட்டி என்னிடமிருந்து வேலியை வாங்காதே. வேலியைக் காட்டி நானும் பிள்ளையைக் கேட்க மாட்டேன்.

ஒரே ஒரு புத்திமதி சொல்லிக்கொள்கிறேன், அம்மா என்ற பேருக்கு. ஸ்டெல்லாவுக்கு ஏதாவது வேண்டும் என்று தோன்றினால் அவள் அதைச் சொல்லும்போது சிரித்துவிடாதே. அது புழுதி படிந்த ரோடாக இருந்தாலும் சரி. உனக்கு வேண்டுமானால் நீயும் வேண்டும் என்றே சொல். எனக்கு இது வேண்டும் என்று சொல்ல வெட்கப்பட்டு, இது ஆபத்து என்று சொன்னவள் நான். ஒரு வேலியும் அதில் இருந்த அத்தனை உயிரும் அதற்குப் பலியாயின. உன் அப்பாவின் நிம்மதியும் போனது.

இதை அவரிடம் நேரில் சொல்ல இந்த இரண்டு நாளில் மூன்று தடவை போனேன். ஒரு தடவை காபியைக் கொடுத்துவிட்டு வந்தேன், ஒரு தடவை கரண்ட் பில்லைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன், ஒரு தடவை அவர் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், அப்படியே திரும்பிவிட்டேன். வாய் வரவில்லை. எழுத்துதான் வருகிறது.

அவர் மதியம் ஒட்டன்சத்திரம் போகிறார், தபால் பெட்டியில் போடக் கடிதம் எதுவும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். பசை டப்பா என் முன்னால்தான் இருக்கிறது. நான் உறையை ஒட்டப்போவதில்லை. இப்படியே அவர் கையில் கொடுத்து, "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்று மட்டும் சொல்லப்போகிறேன். இது உன் கைக்கு வந்து சேர்ந்திருந்தால், உறையை ஒட்டியது உன் அப்பா.

உன் அம்மா